டம்ளர் வெந்நீரும் எக்செல் வளைகோடும்

பதினொன்றாம் வகுப்பு மகளின் பிராஜெக்டுக்காக ஒரு டம்ளர் வெந்நீர் ஆறுவதை அளந்தோம். நான் கணக்கு எழுதுகிறவன், எக்செல் தண்ணிபட்ட பாடு. அப்படியும் இரண்டு இடத்தில் சறுக்கினேன்.

எவர்சில்வர் டம்ளர், ஓட்டை போட்ட அட்டை மூடி, அதில் தெர்மாமீட்டர். மூடி அவசியம், திறந்து வைத்தால் ஆவியாகிப் போகும் சூடு கணக்கைக் குழப்பும். மின்விசிறியை நிறுத்திவிட்டோம். அறை வெப்பம் 30 டிகிரி. தொடக்கத்தில் 85, பிறகு ஐந்து ஐந்து நிமிடத்துக்கு 77.5, 70.5, 65, 60.5, 56, 52.5. அப்புறம் சலித்துப்போய் 40-ஆவது நிமிடம் 46.5, 60-ஆவது நிமிடம் 39.

எக்செலில் முதல் பத்தியில் (மேலிருந்து கீழாக வரும் கட்டங்களில்) நிமிடம், இரண்டாவதில் வெப்பம். இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘ஸ்கேட்டர்’ படம் போடுங்கள். நான் பழக்கதோஷத்தில் ‘லைன்’ படம் போட்டேன். அது நிமிடத்தைப் பார்க்காது. 1, 2, 3 என்று வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு, 20 நிமிட இடைவெளியையும் 5 நிமிட இடைவெளியையும் ஒரே அகலத்தில் வரைந்துவிடும்.

படத்தில் ஒரு புள்ளியை வலது கிளிக் செய்து ‘ஆட் ட்ரெண்ட்லைன்’ (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு), அதில் ‘எக்ஸ்பொனென்ஷியல்’, அதாவது சம நேரத்துக்குச் சம விகிதத்தில் தேயும் வளைகோடு. கீழே சமன்பாட்டையும் ஆர்-ஸ்கொயரையும் காட்டச் சொல்லும் கட்டங்களை டிக் செய்யுங்கள். ஆர்-ஸ்கொயர் என்பது கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 வந்தால் முழுப் பொருத்தம். எனக்கு 0.977 வந்தது. பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகள் அந்தச் சமன்பாட்டில் 180 நிமிடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, மூணு மணி நேரத்துல தண்ணி எட்டு டிகிரிக்கு வந்துடுமாம்பா! பிரிட்ஜே வேண்டாம்” என்றாள்.

எக்செலின் அந்தக் கோடு பூஜ்யத்தை நோக்கித்தான் இறங்கும். தண்ணீரோ 30-இல் நின்றுவிடும். வெப்பம் குறையும் வேகம் சுற்றுப்புறத்தோடு உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது என்று நியூட்டன் 1701-லேயே எழுதிவிட்டார். ஆகவே மூன்றாவது பத்தியில் வெப்பத்திலிருந்து 30-ஐக் கழித்து, 55, 47.5, 40.5 என்று வரும் வித்தியாசத்துக்குக் கோடு போடுங்கள். ஆர்-ஸ்கொயர் 0.999-ஐத் தாண்டியது. தொடக்க வித்தியாசம் 55.2, நிமிடத்துக்குத் தேய்வு 0.0301. அதாவது 23 நிமிடத்துக்கு ஒருமுறை வித்தியாசம் பாதியாகிறது.

அறை வெப்பத்தைக் குறிக்க மறந்திருந்தால், பொருத்தமான எண்களைத் தானே தேடும் ‘சால்வர்’ என்ற கருவி எக்செலில் இருக்கிறது, ஆட்-இன்ஸ் பகுதியில் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். தொடக்க வித்தியாசம், தேய்வு, அறை வெப்பம் மூன்றையும் உத்தேசமாகத் தனித்தனிக் கட்டங்களில் போட்டு, பிழைகளின் (அளந்ததற்கும் சூத்திரம் சொல்வதற்கும் உள்ள இடைவெளிகளின்) வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைக்கச் சொன்னால் அதுவே தேடிக்கொடுக்கும்.

கடைசியாக, அளந்ததிலிருந்து சூத்திரம் சொல்வதைக் கழித்து ஒரு பத்தி போட்டுவிடுங்கள். கூட்டலும் கழித்தலும் கலந்து வந்தால் சரி. மறுநாளும் 85-இல் தொடங்கி அளந்து, முதல் நாள் சூத்திரத்தோடு ஒப்பிட்டோம். 25-ஆவது நிமிடத்துக்கு மேல் எல்லாமே கழித்தல் குறி, போகப்போகப் பெரிதாக. விசாரித்ததில், வேர்க்கிறதென்று அம்மா வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டிருக்கிறார்.