கல் நிறைந்த கொல்லையில் டிராக்டர் ஃபிளெய்ல் மோவரை ஓட்டும் முறை

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் ஒரு முறையும் 2019-இல் மறுமுறையும் பிரிந்து இன்று வெவ்வேறு மாவட்டங்களாகிவிட்டாலும், அதன் மேட்டு நிலங்களின் குணம் ஒன்றாகவே இருக்கிறது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் காட்பாடியிலும் ஒரு கொல்லையை இரண்டு பருவம் உழாமல் விட்டால், முதல் மழைக்குக் கோரையும் பார்த்தீனியமும் எழும்பும். அடுத்த ஆண்டு துத்தியும் நாயுருவியும் உண்ணிச்செடியும் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் ஆண்டில் வேலிக்காத்தான் இடுப்புயரத்துக்கு நிற்கும். இவற்றுக்கு அடியில் கருங்கல் கிடக்கும். இந்தக் கல்தான், டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல்லையும் புதரையும் துண்டாக்கும் ஃபிளெய்ல் மோவரை வேறெங்கோ ஓட்டுவதற்கும் இங்கே ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாடு. ஆகவே இந்தக் குறிப்பில் வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்வதற்கு இணையாக, ஓட்டுவதற்கு முன் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவியின் அமைப்பை முதலில் புரிந்துகொள்வது நல்லது. பின்னால் மாட்டிய கருவிக்கு விசை கொடுக்கும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது, அந்த விசை கியர் பாக்ஸ் வழியாகவும் பக்கவாட்டிலுள்ள வி-பெல்ட்டுகள் வழியாகவும் வேகம் கூட்டப்பட்டு, தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் ஓர் உருளைத் தண்டைச் சுமார் 2,000 சுற்று வேகத்தில் சுழற்றுகிறது. அந்தத் தண்டில் வரிசையாகத் தொங்கும் வெட்டிகள் சுழற்சியின் விசையால் விறைத்து நின்று, புல்லையும் புதரையும் அடித்துத் துண்டாக்குகின்றன. கல்லில் பட்டால் அவை பின்னால் மடங்கிக்கொள்ளும் என்பதால், மின்விசிறி போலச் சுற்றும் ஸ்லாஷரைவிட இது கல்லைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லாஷர் தண்டுகளை நீளமாக வெட்டிக் குவியலாகப் போட்டுவிட்டுப் போகும். ஃபிளெய்ல் மோவர் அவற்றைத் தூளாக்கிச் சமமாகப் பரப்பும். சரிவான மாந்தோப்பில் ரோட்டவேட்டர் விட்டால் மரத்தின் மேல்வேர் அறுபடும், அடுத்த மழையில் மேல்மண்ணும் கரைந்து போகும். இதில் அந்த இரண்டு சேதமும் இல்லை.

வெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகை புழக்கத்தில் உள்ளன. கவட்டை போல இருபுறமும் விரிந்த மெல்லிய பிளேடு புல்லுக்கும் பார்த்தீனியம் போன்ற பசுந்தண்டுக்கும் ஏற்றது. சுத்தியல் போன்ற கனமான வெட்டி புதருக்கு ஏற்றது. அது கூராக அரிவதில்லை, அடித்து நொறுக்கும். நம் கொல்லைகளுக்குச் சுத்தியல் வகையே பொருந்தும் என்பது என் கருத்து, ஏனெனில் மெல்லிய பிளேடு இரண்டு ஏக்கர் முடிவதற்குள் கல்லில் பட்டு வளைந்துவிடுகிறது. எந்த வகையாக இருந்தாலும், நடுத்தர எடையுள்ள கருவியைக் கொண்டு கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட வேலிக்காத்தான் தண்டை வெட்ட முயல வேண்டாம். அதைவிடப் பருத்ததை முன்கூட்டியே கொடுவாளாலோ மரம் அறுக்கும் மெஷினாலோ அறுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும். அறுக்கும்போது தரையை ஒட்டி அறுப்பது அவசியம். சாய்வாக அறுத்து அரை அடி விட்டுவைத்த கட்டை, டயரைக் குத்தும் ஈட்டியாகிவிடும்.

இனி நடை. நான் ஒரு கொல்லையில் இறங்கும் முன் அதைக் குறுக்கும் நெடுக்குமாக, கையில் ஒரு கோலும் இடுப்பில் ஒரு கட்டுச் சிவப்புத் துணிக் கிழிசலும் வைத்துக்கொண்டு நடப்பேன். கோலால் புல்லை விலக்கிப் பார்த்தால் கருங்கல், அறுந்து கிடக்கும் முள்கம்பி, உடைந்த பாட்டில், பழைய சொட்டுநீர்க் குழாய், போர்வெல் மோட்டாருக்குப் போகும் ஒயர், நில அளவைக் கல், மூடாமல் விட்ட குழி என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். கையால் தூக்க முடிந்த கல்லை வரப்பில் கொண்டுபோய்ப் போட வேண்டும். தூக்க முடியாததன் அருகில் கோல் நட்டுத் துணி கட்ட வேண்டும். கல்தூண் வேலி உள்ள இடங்களில் கம்பி தூணிலிருந்து கழன்று புல்லுக்குள் இரண்டு மூன்று அடி உள்ளே வந்து கிடப்பது வழக்கம் என்பதால், வேலி ஓரத்தைத் தனியாக ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். ஒரு தோப்பில் நான் வேலியோரம் நடக்காமல் ஓட்டியதில் ஏறக்குறைய இருபது அடி முள்கம்பி உருளையில் சுற்றிக்கொண்டது. வெட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டிய ஓரத்துக்காக, அந்தக் கம்பியை அறுத்து எடுப்பதிலேயே ஒரு பிற்பகல் கழிந்தது.

டிராக்டரைப் பொறுத்தவரை, ஐந்தடி அகலக் கருவிக்கு 40 முதல் 50 குதிரைத்திறன் வண்டி போதுமானது. கருவியின் அகலம் பின் டயர்களின் வெளி விளிம்பை மூடும்படி இருக்க வேண்டும். இல்லையெனில் டயர் மிதித்துப் படுத்த புல் வெட்டப்படாமல் தப்பிவிடும். டிராக்டரின் பின்னால் கருவியைத் தாங்கும் லோயர் லிங்க் கம்பிகளின் துளைக்கும் கருவியின் பின்னுக்கும் அளவு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்: முதல் வகைப் பின் 22 மில்லிமீட்டர், இரண்டாம் வகை 28 மில்லிமீட்டர். சிறிய பின்னைப் பெரிய துளையில் புஷ் இல்லாமல் மாட்டி ஓட்டுவது இரண்டையும் தின்றுவிடும்.

கருவியை மாட்டுவதில் அதிகக் கவனம் கேட்பது, டிராக்டரிலிருந்து கருவிக்கு விசையைக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்ட். வாங்கி வந்த ஷாஃப்ட் உங்கள் டிராக்டருக்கு ஏற்ற நீளத்தில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றை டிராக்டரிலும் மற்றதைக் கருவியிலும் மாட்டி, பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, லிஃப்ட்டை மெதுவாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, எந்த உயரத்தில் இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிலையில் ஷாஃப்ட்டின் முனை முட்டாமல் ஓர் அங்குலத்துக்கு மேல் இடம் இருக்க வேண்டும். மிக நீண்டிருக்கும் நிலையிலோ இரு குழாய்களும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் இரண்டு குழாய்களையும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் சம அளவில் அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, கிரீஸ் பூசிச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிய நீளமான ஷாஃப்ட், கருவியைத் தூக்கும்போது டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையோ கருவியின் கியர் பாக்ஸையோ முட்டி உடைக்கும். இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கும்படி சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. ஒன்றுக்கொன்று குறுக்காகச் சேர்த்தால் கருவி முழுதும் அதிர்ந்து, கவைகளை இணைக்கும் கிராஸ் சீக்கிரம் போய்விடும். உறையின் சங்கிலியை அசையாத பாகத்தில் மாட்டிவிடுங்கள்.

வெட்டும் உயரத்தைப் பின்னாலுள்ள ரோலர்தான் தீர்மானிக்கிறது. ரோலர் தாங்கிகளில் உள்ள துளைகளில் எதில் போல்ட் போடுகிறோமோ அதற்கேற்ப உயரம் மாறும். கருவி கிடைமட்டமாக நிற்கும்படி, அதன் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க்கைச் சரிசெய்து, பக்கவாட்டுச் சமத்தை வலப்பக்க லிஃப்ட் கம்பியின் கைப்பிடியால் சரிசெய்த பிறகு, கருவியைத் தூக்கி இறக்கும் பொசிஷன் லீவரை முழுதும் கீழே விட்டால் கருவியின் எடை ரோலரில் இறங்கி, நிலத்தின் மேடுபள்ளத்தோடு அதுவும் ஏறி இறங்கும். இங்கே பலர் செய்யும் தவறு, செலவழித்த டீசலுக்கு நிலம் வழித்தாற்போல் இருக்க வேண்டும் என்று உயரத்தை ஓர் அங்குலத்துக்குக் குறைப்பது. வெட்டியின் நுனி விநாடிக்கு 40 முதல் 50 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அது மண்ணைத் தொட்டால் பிளேடு தேயும், கல் பறக்கும், பெல்ட் வழுக்கும். முதல் முறை வெட்டும் கொல்லையில் ஒரு சாண் உயரத்தில் ஓட்டுங்கள். மறைந்திருந்த கற்கள் அப்போது வெளியே தெரியும். அவற்றைப் பொறுக்கிவிட்டு, நான்கு விரற்கடை உயரத்தில் இரண்டாம் முறை ஓட்டலாம். அதற்குக் கீழே இறங்க வேண்டிய தேவை இந்தப் பக்கத்து நிலத்தில் வருவதில்லை.

தொடங்கும்போது கருவி தரையிலிருந்து சற்றே உயர்ந்து நிற்கட்டும். முழுதும் தூக்கிய நிலையில் பி.டி.ஓ.வைப் போட்டால் ஷாஃப்ட்டின் கோணம் கூடிக் கிராஸ் நோகும். இன்ஜின் குறைந்த வேகத்தில் இருக்கும்போது பி.டி.ஓ.வைச் சேர்த்து, உருளை சீராகச் சுற்றத் தொடங்கியபின் ஆக்சிலரேட்டரை மெல்லக் கூட்டி 540-க்குக் கொண்டுவர வேண்டும். எந்த இன்ஜின் வேகத்தில் 540 வரும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மீட்டரில் குறியிட்டிருப்பார்கள், அல்லது கையேட்டில் இருக்கும். பழைய ஒற்றை கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: கிளட்ச்சை மிதித்தாலும் சுழன்றுகொண்டிருக்கும் கனமான உருளை, பி.டி.ஓ. வழியாகக் கியரைத் தள்ளி வண்டியைச் சில அடி முன்னே கொண்டுபோய்விடும். வரப்பு ஓரத்திலும் கிணற்றோரத்திலும் இது உயிர்ப் பிரச்சினை. உருளை திருப்பி வண்டியைத் தள்ளாமல் தடுக்கும் ஃப்ரீவீல் கருவியிலோ ஷாஃப்ட்டிலோ இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு இறங்குங்கள்.

ஓட்டும்போது இன்ஜின் வேகத்தைக் குறைக்காமல், கியரைக் குறைத்து வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே முறை. அடர்ந்த புதரில் மணிக்கு 2 கிலோமீட்டரும், புல்லில் 4 கிலோமீட்டரும் போதும். ஐந்தடிக் கருவியை 3 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு வரிசை முந்தைய வரிசையின் மேல் சிறிது ஏறும்படி ஓட்டினால் கணக்குப்படி மணிக்கு ஒரு ஏக்கர் வர வேண்டும். திரும்புவதையும் கல்லைப் பார்த்து ஒதுங்குவதையும் சேர்த்தால் முக்கால் ஏக்கர் முடிந்தாலே நல்ல வேலை. ஆகவே வாடகை வண்டிக்கு மணிக்கணக்கில் பேசும்போது அதை மனத்தில் வையுங்கள். கண்ணைவிடக் காது இங்கே அதிகம் பயன்படும்: இன்ஜின் முனகினால் வேகம் அதிகம், ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது, திடீரென்று அதிர்வு வந்தால் எங்கோ ஒரு வெட்டி கழன்றுவிட்டது. கடைசியாகச் சொன்னது வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவது நல்லது. முனையில் திரும்பும்போது கருவியைச் சற்றே தூக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். ரோலர் தரையில் இருக்கும்போதே வளைத்தால் அதன் பேரிங்கும் தாங்கியும் பக்கவாட்டு இழுப்பில் வளையும். நிலத்தின் நடுவில் தொடங்கி வெளிப்புறமாக வெட்டிக்கொண்டு வந்தால் முயலும் கௌதாரியும் பாம்பும் வேலிப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள வழி கிடைக்கும். ஆள்காட்டி விடாமல் கத்திக்கொண்டு வட்டமிட்டால் அருகில் முட்டை இருக்கிறது என்று பொருள். அந்த இரண்டு முழத்தை விட்டுவைப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. ஏரிக்கரைச் சரிவில் இந்தக் கருவியோடு இறங்கவே வேண்டாம்.

பறக்கும் கல்லைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். முன்பக்கச் சங்கிலித் திரையும் பின்பக்க ரப்பர் திரையும் முழுமையாக இருந்தாலும், ஐம்பது மீட்டருக்குள் ஆளோ ஆடுமாடோ இருக்கக் கூடாது. டிராக்டர் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வருவது இயல்பு. வேலை முடியும்வரை அவர்களைத் தடுக்க ஒருவரை நிறுத்துவது தேவை. சாலையை ஒட்டிய கொல்லையில், சாலைப் பக்கம் கடைசி இரண்டு வரிசையை ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில் வெட்டலாம், பனி ஈரம் இருந்தாலும் சரி. ஓட்டுபவர் வேட்டியோ லுங்கியோ கட்டக் கூடாது, தோளில் துண்டு கூடாது, பி.டி.ஓ. ஷாஃப்ட் ஒரு நூலைப் பிடித்தால் ஆளை இழுத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டதை எடுப்பதற்கு முன் பி.டி.ஓ.வை விடுவித்து, இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உருளை நிற்கும் வரை காத்திருங்கள். இன்ஜின் அணைந்த பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும். கருவிக்கு அடியில் கை வைப்பதானால் கட்டையால் முட்டுக் கொடுத்தே வைக்க வேண்டும், ஹைட்ராலிக்கை நம்பலாகாது.

சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்த புல்லை வெட்டினால் ரேடியேட்டர் முகப்பில் பஞ்சுபோல் தூசி அடைத்து வெப்பம் ஏறும். மணிக்கொரு முறை நிறுத்தி அதைத் தட்டிவிடுங்கள். கியர் பாக்ஸின் மேலும் பெல்ட் உறைக்குள்ளும் சேரும் காய்ந்த துகள் தீப்பிடிக்கும் என்பதால் இரண்டு குடம் தண்ணீர் வரப்பில் இருக்கட்டும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தவறக் கூடாது. உருளையின் இரு பேரிங்குக்கும் ஷாஃப்ட் கிராஸுக்கும் எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிரீஸ். கியர் பாக்ஸில் தொண்ணூறாம் எண் கியர் ஆயில் மட்டம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு அமுங்கும் பெல்ட். புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே நீண்டுவிடும் என்பதால் முதல் நாள் மாலையே அதை இறுக்க வேண்டும். ஒரு வெட்டி உடைந்தால் அதற்கு எதிர்ப்புறத்தில் உள்ளதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையெனில் உருளையின் சமநிலை கெட்டு பேரிங் போய்விடும். வெட்டியின் போல்ட்டையும் நட்டையும் பழையதையே திரும்பப் போடாமல் புதிதாகப் போடுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் வெட்ட வேண்டும். பூத்த பிறகு வெட்டுவது விதையைக் கொல்லை முழுதும் தூவுவதற்குச் சமம், வெட்டுபவருக்கு மூச்சுக்கும் தோலுக்கும் தொல்லை வேறு. முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மாந்தோப்பில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காலில் ஒட்டாமல் உலர்ந்த மார்கழியில் ஒரு முறை வெட்டினால், தை மாதப் பூவுக்கு முன் தோப்பு சுத்தமாகிவிடும். தூளான புல்லை மரத்தடியில் அப்படியே மூடாக்காக விடலாம், அடிமரத்தைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் விட்டு. வேலிக்காத்தான் வேரோடு சாவதில்லை, வெட்டிய கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். அந்தத் துளிர் பென்சில் பருமனைத் தாண்டுமுன், அதாவது ஆடிக்கு முன்பாகவே, அதே கொல்லையில் மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும். அப்போதும் முதலில் கோலோடுதான். மழை ஒவ்வொரு முறையும் புதுக் கற்களை மேலே கொண்டுவந்து வைத்திருக்கும்.