பழைய காரில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? ரீகால் தேடுவதிலிருந்து பெட்ரோல் ஹோஸ் பார்ப்பது வரை

என்னுடைய காருக்குப் பதினான்கு வயது ஆனபோது, காலையில் மட்டும் லேசாகப் பெட்ரோல் வாசனை வர ஆரம்பித்தது. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது வரும், பத்து நிமிடம் ஓட்டினால் போய்விடும். மாலையில் எவ்வளவு மோந்து பார்த்தாலும் தெரியாது. "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். நானும் மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன்.

ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் பண்ணிய கையோடு ஆஃப் செய்துவிட்டு, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜின் முழுக்கத் தூசி. ஆனால் பெட்ரோல் ஹோஸ் உலோகக் குழாயில் ஏறும் இடத்தில் மட்டும், ஒரு விரல் அகலத்துக்குக் கழுவி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. கசிந்த பெட்ரோல் தூசியைக் கரைத்துவிட்டு ஆவியாகிப் போயிருக்கிறது. ஹோஸை லேசாக வளைத்தேன். பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி அதன் மேல்தோல் முழுக்கக் கோடு கோடாகப் பிளந்தது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளித்தான் எக்சாஸ்ட் மேனிஃபோல்ட், அதாவது இன்ஜினின் சூடான புகை வெளியேறும் குழாய்.

காலையில் மட்டும் ஏன் வாசனை வந்தது? குளிரில் ரப்பர் சுருங்கி, ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் பிடி தளர்ந்து கசிகிறது. சூடானதும் ரப்பர் விரிந்து அந்த இடைவெளி அடைத்துக்கொள்கிறது. வாசனை போய்விட்டதே என்று நிம்மதியாக இருந்தேனே, பழுது அங்கேயேதான் இருந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, உங்கள் மாடலுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று தேடுவது. இன்னொன்று, பானெட்டைத் திறந்து நீங்களே பார்ப்பது. ஒன்றைச் செய்தால் மற்றொன்று தேவையில்லை என்று நினைக்காதீர்கள். வயதாகிக் கெட்டுப்போன ரப்பருக்குப் பொதுவாக ரீகால் வராது. அதேபோல, ஒரு சுவிட்சுக்குள் ஒளிந்திருக்கும் தயாரிப்புக் குறை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

படி 1: சேசிஸ் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள்

பதிவுச் சான்றிதழில் இருக்கும். வண்டியிலும் முன் கண்ணாடியின் அடி ஓரத்திலோ, கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, பானெட்டுக்கு அடியில் உலோகத்தில் பொறித்தோ இருக்கும். 1980களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் இது 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக அவற்றை விட்டுவிட்டார்கள். ஆகவே ஓ மாதிரித் தெரிந்தால் அது பூஜ்யம். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 2: ரீகால் இருக்கிறதா என்று தேடுங்கள்

தயாரிப்பிலேயே பாதுகாப்புக் குறை இருந்தால், நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்துத் தன் செலவில் சரிசெய்து தருவதுதான் ரீகால். கடிதம் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குப் போகும். நீங்கள் மூன்றாவது உரிமையாளர் என்றால், அந்தக் கடிதம் என்றோ முதல் உரிமையாளரின் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதனால் யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நாமேதான் தேட வேண்டும்.

கார் நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால், செய்யாமல் விட்ட ரீகால் இருந்தால் காட்டும். பல நாடுகளில் அரசே இந்த வசதியை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் அரசுத் தளத்தில் வண்டியின் பதிவு எண்ணே போதும். இணையத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

இலவசமாகச் செய்து தரும் கடமைக்குச் சில நாடுகளில் வயது வரம்பு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி அது 15 வருடம். அதைத் தாண்டிய வண்டிக்கும் பல நிறுவனங்கள் செய்து தருகின்றன, கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும் பரவாயில்லை, குறை எங்கே என்று தெரிந்துவிட்டதே. நம்முடைய காசிலாவது அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

எந்த மாதிரிக் குறைகளுக்கு ரீகால் வருகிறது என்று சொல்கிறேன். "நான் கவனமாகத்தானே ஓட்டுகிறேன்" என்பது ஏன் போதாது என்று அப்போது புரியும்.

ஃபோர்டு நிறுவனம் 1999-லிருந்து 2009 வரை, ஒரே ஒரு சின்ன சுவிட்சுக்காக 1.4 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வண்டியின் வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை, பிரேக்கை மிதித்தால் நிறுத்தும் சுவிட்ச் அது. உள்ளே இருந்த மெல்லிய படலம் நாளடைவில் விரிசல் விட்டு, பிரேக் ஆயில் மின்சாரப் பகுதிக்குள் இறங்கியது. அந்த சுவிட்சுக்கு எப்போதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. அதனால் சாவியை எடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்த பிறகு, வெளியே நின்ற வண்டி தானாகத் தீப்பிடித்தது.

ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6 இன்ஜினில் கதை வேறு. மேல் கவரின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் பேக்கிங்) வழியாகக் கசிந்த ஆயில், திடீரென்று பிரேக் போடும்போது சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டியது. 2009-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளை அழைத்துச் சரிசெய்தார்கள். 2015-ல் சுமார் 14 லட்சம் வண்டிகளை மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் ஏற்கெனவே சரிசெய்த வண்டிகளிலும் தீ வந்தது. ஒரு தடவை தேடிவிட்டு மறந்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். 2018-ல் தென் கொரியாவில் அடுத்தடுத்து பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் எரிந்தன. புகையை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பில் இருந்த கூலரிலிருந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து, கரியோடு சேர்ந்து படிந்தது. சூடான புகை பட்டதும் அந்தப் படிவு பற்றிக்கொண்டது.

படி 3: ரீகால் இருந்தால்

அறிவிப்பில் "வண்டியை வெளியே நிறுத்துங்கள்" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா இரண்டும் அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு இப்படித்தான் சொன்னார்கள். ஏபிஎஸ் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கசிவு வந்து ஷார்ட் சர்க்யூட் ஆகலாம், இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் ஆகலாம் என்பது காரணம். இந்த வரி இருந்தால் அன்றிரவே காரை வீட்டுச் சுவரிலிருந்தும் மூடிய நிறுத்தத்திலிருந்தும் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திவிடுங்கள்.

பிறகு தேதி வாங்குங்கள். உதிரிபாகம் வரவில்லை என்று சொன்னால், ஓட்டலாமா கூடாதா, இடைக்கால ஏற்பாடு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் ரீகால் எண் போட்ட ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறங்கள்

இரவு முழுக்க நின்ற வண்டியாக இருக்க வேண்டும். ஒரு டார்ச், வெள்ளை டிஷ்யூ பேப்பர், கையுறை போதும். சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தேங்கும்.

பானெட்டைத் தூக்கியதும் முதலில் மோந்து பாருங்கள். திறந்த சில நொடிகளில் அந்த வாசனை கலைந்துவிடும்.

அப்புறம் பெட்ரோல் ஹோஸ். நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். கார்பரேட்டர் வண்டிகளில் ஹோஸுக்குள் அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் அழுத்தம் 3 முதல் 4 பார், அதாவது டயர் காற்றின் அழுத்தத்தைவிட அதிகம். அங்கே விரிசல் விட்டால் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். ஆகவே ஒரு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி, ஆஃப் செய்துவிட்டு உடனே பாருங்கள். கிளாம்ப் இருக்கும் இடம், வளைவு, உலோகத்தில் உரசும் இடம், இந்த மூன்றையும் விடாதீர்கள். நிறம் மாறியிருக்கிறதா, உப்பியிருக்கிறதா, தொட்டால் பிசுபிசுக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா? ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் ஒற்றி மோந்து பாருங்கள். என் காரில் இருந்ததுபோல் தூசிக்கு நடுவே ஓரிடம் மட்டும் பளிச்சென்று இருந்தால், அங்கே கசிவு இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள், மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கால ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். ஹோஸ் மாற்றும்போது, இன்ஜெக்‌ஷனுக்கும் எத்தனாலுக்கும் உகந்தது என்று மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் தடவை எனக்குப் போட்டது கார்பரேட்டர் வண்டிக்கான ஹோஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே இருந்த எழுத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது, மறுநாளே மாற்றினேன்.

அடுத்தது ஆயில். இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால், அது எந்தப் பக்கம் வழிகிறது என்பது முக்கியம். எக்சாஸ்ட் பக்கம் வழிந்தால் பேக்கிங்கை உடனே மாற்றுங்கள். சுமை ஏற்றி மேட்டில் ஏறும்போது மேனிஃபோல்ட் 500 டிகிரியைத் தாண்டும். நின்ற பிறகு கருகிய ஆயில் வாசனை வருவது இதனால்தான். கூலன்ட் கசிவையும் வெறும் தண்ணீர் என்று விடாதீர்கள். சூட்டில் தண்ணீர் ஆவியான பிறகு, கூலன்டில் கலந்திருக்கும் கிளைகால் என்ற ரசாயனம் மிஞ்சும், அது எரியக்கூடியது.

கடைசியாக ஒயர்கள். பேட்டரியின் பிளஸ் டெர்மினலுக்கு மூடி இருக்க வேண்டும். பேட்டரியைக் கையால் அசைத்தால் ஆடக் கூடாது. எலி கடித்த இடம், உருகிய உறை, டேப் சுற்றி ஒட்டுப் போட்ட இடம் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஃபியூஸ் பெட்டி

மூடியின் உட்புறம் இருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 10 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தால், யாரோ அடிக்கடி போன ஃபியூஸுக்கு இப்படி வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இனி அங்கே ஃபியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். ஹெட்லைட்டில் 55 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் போட்டாலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்சாரம் அதே மெல்லிய ஒயர் வழியாகத்தான் போக வேண்டும். ரிலேயும் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தனி சுவிட்ச்) தனி ஒயரிங்கும் இல்லாமல் அதைப் போடாதீர்கள்.

படி 6: ஓட்டும்போது

இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் செக்கச்செவேல் என்று சூடாக்குகிறது. ஓரம் கட்டுங்கள், காய்ந்த புல்மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். நீண்ட பயணம் முடிந்து ஆஃப் செய்ததும் காற்றோட்டம் நின்று பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அதனால் இறங்கியதும் ஓரிரு நிமிடம் பக்கத்திலேயே நின்று, வாசனையோ புகையோ வருகிறதா என்று பாருங்கள்.

படி 7: தீ வந்துவிட்டால்

ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். பெட்ரோல் பம்ப் அப்போதுதான் நிற்கும். எல்லோரையும் இறக்கி, குறைந்தது 30 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். கைப்பைக்காகவோ காகிதத்துக்காகவோ யாரும் திரும்பிப் போகக் கூடாது.

பானெட்டைத் திறக்காதீர்கள். காற்று உள்ளே பாய்ந்ததும் தீ உங்கள் முகத்துக்கு எழும். கையில் ஏபிசி பவுடர் தீயணைப்பான் இருந்து, தீ சின்னதாகவும் இருந்தால் மட்டும், காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து அடிக்கும்படி நின்று, பானெட்டின் இடைவெளி வழியாக அடிக்கலாம். ஒரு கிலோ சிலிண்டர் பத்து நொடி அளவில் தீர்ந்துவிடும். அதற்குள் அடங்கவில்லை என்றால் விலகிவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும். தீயணைப்பானை டிக்கியில் போட்டு வைக்காமல், சீட்டுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் ஆடாமல் பொருத்துங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு

பணம் கொடுக்கும் முன்பே சேசிஸ் நம்பரைக் கேட்டு வாங்கி, படி 2-ஐச் செய்துவிடுங்கள். வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட்டின்மேல் கை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.