கப்பியும் ஃபைட்டரும் பார்சலில் ஏறும் முன்

கப்பி, ஃபைட்டர் போன்ற தொட்டி மீன்களை வெளியூருக்கு விற்று பஸ் பார்சலில் அனுப்பும்போது, மீன் செத்துப் போய்ச் சேர்ந்தால் முதல் திட்டு பஸ்காரருக்குத்தான். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு நான்கைந்து நாள் முன்பே, விற்பவரின் தொட்டியிலேயே தொடங்கியிருக்கும். அதனால் ஆர்டர் வந்ததும் கவரைத் தேடாமல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைத் தேடுங்கள்.

வாங்குபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "தொட்டிக்கு ஊத்துறது நல்ல தண்ணிங்களா, உப்புத் தண்ணிங்களா?" கொங்குப் பக்கம் இப்படிக் கேட்டாலே எல்லோருக்கும் புரிந்துவிடும். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் 1,000 பி.பி.எம்.மைத் (அதாவது லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பை) தாண்டும். சிறுவாணித் தண்ணீர் 100-க்குள் நிற்கும். போர் தண்ணீரில் பிறந்து வளர்ந்த கப்பியை ஒரே நாளில் சிறுவாணித் தண்ணீரில் விட்டால், உடம்பிலுள்ள உப்பு வெளியேறி, வெளித் தண்ணீர் உள்ளே ஏறும். மீன் அன்றைக்கே சாகாது. வாலைச் சுருக்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஆடும். இரண்டாம் மூன்றாம் நாள் போய்விடும். வாங்கியவர் "நோய் மீன் அனுப்பிட்டாங்க" என்பார். உப்பு குறைந்த தண்ணீரிலிருந்து கூடிய தண்ணீருக்குப் போவதை மீன் ஓரளவு தாங்கும். திரும்பி வருவதுதான் கடினம்.

எனவே விற்பவரே மீனை முன்கூட்டிப் பழக்கிவிட வேண்டும். விற்ற மீனைத் தனி டப்பில் எடுத்து, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறக்கிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். 1,200-இல் இருந்த டப்பில் 80 உள்ள தண்ணீரை இப்படி ஊற்றினால் நான்காம் நாள் 300 பக்கம் வந்து நிற்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் போட்டோ, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) விட்டு ஒரு நாள் வைத்தோ ஊற்றவும். இன்னொன்று: கப்பிக்கு மெதுத் தண்ணீர் (உப்பும் சுண்ணாம்பும் குறைந்தது) நிரந்தரமாக ஒத்துக்கொள்ளாது. வாங்குபவரின் ஃபில்டரில் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அந்த நாட்களிலேயே அனுப்பத் தகாத மீனைக் கழித்து ஒதுக்கவும் வேண்டும். வயிறு சதுரமாகி நிற்கும் பெண் கப்பியை அனுப்பக் கூடாது. அலைச்சலில் பையிலேயே குட்டி போடும், இல்லையென்றால் தானும் சாகும். கப்பி ஒரு தடவை குட்டி போட்டு அடுத்தது போட மூன்று, நான்கு வாரம் ஆகும். அதில் முதல் இரண்டு வாரத்துக்குள் அனுப்புவதுதான் பாதுகாப்பு. செவுள் வேகமாக அடிப்பது, தரையில் உரசுவது, வெள்ளைப் புள்ளி, இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் பார்சலைத் தள்ளிப் போடுங்கள்.

கப்பி, ஃபைட்டருக்குக் கடைசி 24 மணி நேரம் தீனி கிடையாது. கோல்டு ஃபிஷ் போன்ற பெரிய மீனுக்கு 48 மணி நேரம். பட்டினி போடுகிறோமே என்று பாவம் பார்த்து ஒரு சிட்டிகை போட்டால், அது கழிவாகிப் பைத் தண்ணீரில்தான் சேரும். குட்டிகளுக்கு மட்டும் 12 மணி நேரம் போதும்.

கவர் வாங்கும்போது மொடமொடவென்று சத்தம் போடும் பி.பி. கவர் வேண்டாம்; அழுத்தம் விழுந்தால் சீல் பிளந்துகொள்ளும். எல்.டி. கவர், 200 கேஜ், அதாவது சுமார் 50 மைக்ரான் கேளுங்கள். கீழ் மூலைகள் இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டிவிட வேண்டும். கட்டாத மூலையில் சின்ன மீன் போய்ச் சிக்கி நசுங்கும். தொட்டித் தண்ணீரைப் பையில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள அழுக்கும் பாக்டீரியாவும் ஆக்சிஜனைத் தின்னும். பழக்கிய டப்பில் இருந்த அதே டி.டி.எஸ்., அதே சூட்டில் முந்தின நாளே பிடித்துவைத்த சுத்தமான தண்ணீர் போதும். ஒரு ஜோடி கப்பிக்கு 300 முதல் 400 மில்லி. மொத்தமாக அனுப்பினால் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு லிட்டருக்குப் பத்து மீன், இரண்டு நாள் ஆகும் என்றால் ஆறு.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். முதலில் பையை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் ஆக்சிஜன் விட வேண்டும். பாதிக் காற்றோடு விட்டால் பை உப்பலாகத் தெரியும், உள்ளே ஆக்சிஜன் குறைவு. வெல்டிங் பட்டறைகளுக்கு கேஸ் கொடுக்கும் கடையிலேயே சிலிண்டர் கிடைக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் கருப்பு, அசிட்டிலின் அரக்கு நிறம்; நிறத்தோடு நிற்காமல் லேபிளையும் படித்து வாங்குங்கள். ரெகுலேட்டர் இறுக்கமாக இருக்கிறதென்று எண்ணெயோ கிரீஸோ தடவிவிடக் கூடாது. அழுத்த ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும்.

கழுத்தை நன்றாக முறுக்கி, மடித்து, இரண்டு ரப்பர் பேண்ட். பிறகு அந்தப் பையைத் தலைகீழாக, முடிச்சு அடியில் போகும்படி, இரண்டாவது பைக்குள் இறக்கிக் கட்டுங்கள். மேல் கீழ் இரண்டு முனையும் உருண்டுவிடும், மூலையே இருக்காது. கவிழ்த்துப் பிடித்து அமுக்கிப் பார்த்து, ஒரு சொட்டு கசிந்தாலும் புதுப் பை.

ஃபைட்டர் கணக்கு வேறு. அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன். சாதாரணக் காற்றே போதும், ஆனால் பையில் தண்ணீருக்கு மேல் இடம் இருக்க வேண்டும். ஒரு பைக்கு ஒரே மீன், சின்னப் பை, 100 மில்லி அளவில் தண்ணீர். ஒவ்வொரு பையையும் நியூஸ்பேப்பரில் சுற்றிவிடுங்கள். ஒன்றை ஒன்று பார்த்தால் வழியெல்லாம் செவுளை விரித்துக்கொண்டு சோர்ந்துபோகும்.

பெட்டி தெர்மாகோல்தான், சுவர் ஓர் அங்குலமாவது இருக்கட்டும். கப்பிப் பையைப் படுக்கவைத்தால் தண்ணீரின் மேற்பரப்பு விரிந்து ஆக்சிஜன் நன்றாகக் கலக்கும். இடைவெளியை அடைக்கத் திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் அருமையான சரக்கு: கிலோக் கணக்கில் கிடைக்கும், குலுங்க விடாது, கசிந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டுமே என்று பெட்டியில் ஓட்டை போடுபவர்கள் உண்டு. கட்டிய பைக்கு வெளிக்காற்றால் ஒரு பயனும் இல்லை. சூடு உள்ளே போவதுதான் மிச்சம். ஏப்ரல், மே மாதங்களில் கரூர், ஈரோட்டு வெயிலுக்கு 300 கிராம் ஜெல் ஐஸ் பேக் ஒன்றை நான்கு தாள் பேப்பரில் சுற்றி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். குளிர் கீழே இறங்கும். பையைத் தொடும்படி வைத்தால் அந்த ஒரு பக்கம் மட்டும் சில்லிட்டு மீன் சுருண்டுவிடும்.

அனுப்புவது திங்கள் முதல் புதன் வரை, ராத்திரி வண்டியில். வெள்ளிக்கிழமை போட்ட பார்சல் ஞாயிறு முழுக்க ஏதாவது ஒரு குடோனில் உட்காரும். பொங்கல், தீபாவளி வாரத்தில் ஆர்டரே எடுக்க வேண்டாம். பல கூரியர்கள் உயிருள்ளதை வாங்குவதில்லை. துணி என்று பொய் சொல்லிப் போட்டால் தூக்கி எறிவார்கள், பிறகு கேட்கவும் வாய் இருக்காது. பஸ் பார்சலில் பின் டிக்கி இன்ஜின் சூட்டுக்குப் பக்கம் என்பதால், நடு டிக்கியில் வைக்கச் சொல்லிக் கிளீனரிடம் நேரில் கொடுங்கள். சென்னைக்குப் போகிறது என்றால் கிளாம்பாக்கத்தில் இறக்குவார்களா, கோயம்பேட்டிலா என்று கேட்டு, வண்டி எண், டிரைவர் நம்பரோடு வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பவளம் அனுப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், முடியாது. திட்டு கட்டும் பவள வகைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 பாதுகாக்கிறது. அந்த ஆர்டரைத் தொடவே தொடாதீர்கள்.

பிரிக்கும் முறையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும். பலரும் பையைத் திறந்து, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். நீண்ட பயணம் வந்த மீனுக்கு இது ஆபத்து. கட்டிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கியிருக்கும், மீன் கழிவிலிருந்து சேர்ந்த அமோனியாவின் விஷம் அதனால் அடங்கிக் கிடக்கும். பை திறந்ததும் அந்த வாயு வெளியேறி பி.எச். ஏறும். பி.எச். ஒன்று ஏறினால் விஷ அமோனியா ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். சீட்டில் இப்படி எழுதுங்கள்: "லைட்டை அணைக்கவும். கட்டிய பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடவும். பிறகு திறந்து, உடனே வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடவும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். இன்று தீனி வேண்டாம்." டி.டி.எஸ்.ஸை விற்பவரே முன்பே சரிசெய்து அனுப்பியிருந்தால்தான் இப்படி உடனே விட முடியும்.

செத்து வந்தால் மாற்று மீன் தருகிறோம் என்பவர்கள் நிபந்தனையையும் அதே சீட்டில் போட்டுவிடுங்கள்: பார்சல் கைக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள், பை திறக்காத நிலையில் எடுத்த வீடியோ. திறந்த பிறகு எடுத்த போட்டோவை வைத்து யார் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.