கீட்டோவில் கலோரியைக் குறைப்பதா, விரதம் இருப்பதா: தேர்ந்தெடுக்கும் முறை

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக உண்ணும் கீட்டோ உணவுமுறையில் எடை இறங்குவது நின்றதும், உண்ணும் அளவைக் குறைப்பதா அல்லது நாளின் சில மணி நேரத்துக்குள் மட்டும் உண்ணும், இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் எனப்படும் இடைவெளி விரதத்துக்கு மாறுவதா என்ற குழப்பம் எழுவது இயல்பு. முடிவெடுக்கும் முன், முதல் இரண்டு வாரங்களின் எடைக் குறைவைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்துடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால், மாவுச்சத்து நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே போனதும் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் அந்த நீர்தான்.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டில் எதையும் தொடங்கக்கூடாது. குறிப்பாக, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தச் சர்க்கரை பெரிதாக உயராத நிலையிலேயே ரத்தத்தில் அமிலத்தன்மை மிகும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் ஆபத்து நேரக்கூடும். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், உண்ணல் கோளாறு இருந்தவர்களுக்கும் விரதம் ஏற்றதல்ல.

அடுத்து, ஒரு வாரத்துக்கு உண்டவற்றை அளவோடும் நேரத்தோடும் எழுதி வையுங்கள். எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாமல் கரண்டியால் அளப்பது முக்கியம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. வேளைக்குரிய உணவே மிகுதியாக இருக்கிறது என்று குறிப்பேடு காட்டினால் கலோரிக் குறைப்பு பொருந்தும். வேளை உணவு அளவாக இருந்து, இரவில் கொறிக்கும் பாதாம் போன்ற பருப்பு வகைகளும் சீஸும் கணக்கை ஏற்றினால் விரதம் எளிதாக இருக்கும், ஏனெனில் அளப்பதைவிட அடுக்களையை மூடிவிடுவது சுலபம்.

கலோரியைக் குறைப்பவர்கள் நாளொன்றுக்கு 300 முதல் 500 வரை குறைக்கலாம். அதைப் புரதத்தில் கை வைக்காமல், சேர்க்கும் கொழுப்பிலிருந்து குறைக்க வேண்டும். விரதம் இருப்பவர்கள் 12 மணி நேரத்தில் தொடங்கி, உடல் பழகிய பின் 14, 16 என்று நீட்டலாம். வெண்ணெய் கலந்த காப்பி குடித்துவிட்டு அதை விரதம் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. தலைசுற்றல் இருந்தால் நீரும் உப்பும் போதாமல் இருக்கலாம். ஆயினும் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக்கூடாது.

கடிகாரத்துக்குத் தனிச் சக்தி இருப்பதாக நம்புவோர் 2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான சீன ஆய்வைக் கவனிக்க வேண்டும். பருமனான 139 பேரும் ஓராண்டு கலோரியைக் குறைக்க, ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைக்குள் உண்டது. அக்குழு சராசரியாக 8.0 கிலோவும் மற்றது 6.3 கிலோவும் குறைந்தன. புள்ளியியல்படி இது உறுதியான வேறுபாடு அல்ல. அவர்கள் கீட்டோவில் இருந்தவர்கள் அல்லர் என்றாலும், மொத்தக் கலோரியே முதன்மை என்பது கீட்டோவுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

எனவே இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். எது பலன் தந்தது என்பது தெரியாமல் போகும். ஒன்றை ஆறு வாரம் கடைப்பிடித்து, வாரச் சராசரி எடையையும் இடுப்பளவையும் குறித்து, இரண்டுமே அசையாதிருந்தால் மட்டும் மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.