உங்கள் முகத்தை நீங்களே எடுங்கள்: ஜன்னலோர உருவப்படம், படிப்படியாக

“போட்டோவுல நான் நல்லா விழ மாட்டேன்” என்று சொல்லி ஒதுங்குகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் பின்வரிசையில் பாதி முகம் தெரியும். சுற்றுலாப் படங்களில் எப்போதும் எடுக்கிற ஆள் அவர்தான். வாட்ஸாப்பில் முகத்துக்குப் பதிலாக ஒரு பூ இருக்கும். இந்தச் செய்முறை அவர்களுக்காக. ஒரு போன், ஒரு ஜன்னல், யாரும் கதவைத் தட்டாத அரை மணி நேரம் இருந்தால் போதும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் கேமரா உண்டாக்கும் கோளாறுகளை நீக்க வேண்டும், அதன் பிறகுதான் முகத்தைப் பார்க்க வேண்டும். “உன்னை நீயே ஏற்றுக்கொள்” என்று சொல்லிவிட்டு, கைநீட்டி எடுத்த செல்ஃபியை ஒருவர் கையில் கொடுப்பது நியாயமில்லை. லென்ஸ் கோணலாக்கிய மூக்கைத் தன் மூக்கென்று நினைத்து அவர் எதற்குச் சமாதானம் ஆக வேண்டும்?

செல்ஃபியில் ஏன் வேறு ஆளாகத் தெரிகிறோம்

செல்ஃபி எடுக்கும்போது முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே ஏறக்குறைய 30 செ.மீ. இருக்கும். அந்த நெருக்கத்தில் மூக்குக்கும் காதுக்கும் உள்ள தூர வித்தியாசம் பெரிதாகிவிடுவதால் மூக்கு முன்னால் துருத்தும், காதுகள் பின்னால் ஒடுங்கும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். 5 அடியிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். மூக்கை மாற்ற அறுவை சிகிச்சை கேட்டு வருகிறவர்கள் செல்ஃபியைக் காட்டிப் பேசியதுதான் அந்த ஆய்வுக்குப் பின்னணி.

இன்னொன்று கண்ணாடி. தினமும் நாம் பார்த்துப் பழகியது இடம் வலம் மாறிய முகம். 1977இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில் ஒருவருடைய படத்தை நேராகவும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பியும் காட்டினார்கள். படத்தில் இருந்தவருக்குத் திருப்பிய படம்தான் கூடுதலாகப் பிடித்தது. அவருடைய நெருங்கிய தோழிக்கோ நேரான படம் பிடித்தது. நேரான படத்தில் வகிடு எதிர்ப்பக்கம் போயிருக்கும், மச்சம் இடம் மாறியிருக்கும். பழகாததால் வரும் அந்தச் சின்ன உறுத்தலைத்தான் “அசிங்கமா இருக்கேன்” என்று எடுத்துக்கொள்கிறோம்.

படி 1: வெளிச்சம்

வடக்கு பார்த்த ஜன்னல் கிடைத்தால் நாள் முழுக்க உதவும். கிழக்கு ஜன்னல் என்றால் மதியத்துக்கு மேல், மேற்கு ஜன்னல் என்றால் காலையில். நேர் வெயில் உள்ளே விழுந்தால் வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்து ஜன்னலில் கட்டிவிடுங்கள். வெளிச்சம் பரவி, மூக்கின் நிழல் ஓரம் கரைந்துவிடும்.

அறையில் எரியும் டியூப்லைட், எல்ஈடி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வரும். மேலும், கூரை விளக்கு கண்குழியில் நிழலை இறக்கிக் கருவளையத்தை இரட்டிப்பாக்கும். பலர் தங்கள் கண்ணைப் பற்றி வருத்தப்படுவதற்குக் காரணம் தலைக்கு மேல் எரியும் அந்த விளக்குதான்.

நம் வீடுகளில் சுவர் நிறத்தையும் கவனிக்க வேண்டும். பளிச்சென்ற பச்சை, ரோஸ் பெயிண்ட் அடித்த சுவர் அருகில் இருந்தால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு வெள்ளை பெட்ஷீட்டைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும்.

படி 2: நாற்காலியும் கேமராவும்

கை வைக்காத நாற்காலி ஒன்றை ஜன்னலிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளிப் போடுங்கள். ஜன்னல் நேர் முன்னாலும் வேண்டாம், நேர் பக்கவாட்டிலும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில் இருக்கட்டும். முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவே 3 அடியாவது இடைவெளி விடுங்கள். சோதனைப் படம் ஒன்று எடுத்து, பெரிதாக்கிக் கண்ணின் கருவிழியை மட்டும் பாருங்கள். ஜன்னலின் சின்ன வெள்ளைப் பிம்பம் அதில் தெரிந்தால் இடம் சரி. தெரியாவிட்டால் கண் உயிரில்லாமல் வரும், நாற்காலியை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.

நிழல் பக்கம் ரொம்பக் கறுத்தால், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை அந்தப் பக்கம் 2 அடி தூரத்தில் சாய்த்து வையுங்கள். நிழலே இல்லாமல் ஆக்கிவிட வேண்டாம். முகத்துக்கு ஆழம் தருவது அதுதான்.

போன் 1.5 மீட்டர் தூரத்தில், லென்ஸ் உங்கள் கண் உயரத்தில். ட்ரைபாட் இல்லையென்றால் ஸ்டூல், அதன் மேல் புத்தக அடுக்கு, அதன் மேல் ஒரு எவர்சில்வர் செம்பு. போனை அதில் ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். கீழிருந்து எடுத்தால் தாடையும் மூக்குத் துளையும் பெரிதாகும். மேலிருந்து எடுத்தால் நெற்றி பெரிதாகும்.

பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள், 2 மடங்கு ஜூமில். முகத்தின் கோணலைச் சரிசெய்வது தூரம்தான், ஜூம் இல்லை. தள்ளி நிற்பதால் சிறிதாகிப்போன உருவத்தைச் சட்டத்துக்குள் நிரப்புவது மட்டுமே ஜூமின் வேலை. பின்பக்கக் கேமரா என்றால் எடுக்கும்போது உங்களுக்கு உங்கள் முகம் தெரியாது. அதுவும் வேண்டும் என்றுதான் சொல்கிறோம். திரையில் முகம் தெரிந்தால் ஒவ்வொரு நொடியும் அதைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

படி 3: தோல் நிறத்தைக் காப்பாற்றுங்கள்

கேமரா அமைப்புக்குள் போய், பியூட்டி, ஸ்மூத், ஃபேஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். பல போன்களில் வாங்கும்போதே அது இயங்கிக்கொண்டிருக்கும். கேட்காமலே தோலை வழித்து வெளுப்பாக்கும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம், முடியின் ஓரங்களைத் தின்றுவிடும்.

கேமரா தனியாக வெளிச்சத்தைக் கணக்கிடும்போது காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு இழுக்கும். அதனால் வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவரோடு உட்கார்ந்தால் முகம் இருண்டுபோகும். கறுத்த பின்னணியில் உட்கார்ந்தால் முகம் வெளிறும். கன்னத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள் (நீங்கள் எழுந்து வந்தால் நாற்காலியில் முக உயரத்துக்குத் தலையணை வைத்தும் பூட்டலாம்). பிறகு, எக்ஸ்போஷர் எனும் வெளிச்ச அளவை வெளிர் பின்னணியில் +0.3 முதல் +0.7 வரை, கருமையான பின்னணியில் −0.3 என்று திருத்துங்கள். ஜன்னல் பக்கக் கன்னத்தில் தோலின் வரிகள் தெரிய வேண்டும், வெள்ளைத் திட்டாக மாறிவிடக் கூடாது. மாநிறமோ கறுப்போ, வெளிச்சம் பட்ட இடத்தில் ஒரு மினுக்கம் இருக்கும். அதைப் பவுடர் போட்டு அணைத்துவிடாதீர்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. வண்ண ஃபிலிம் காலத்தில் லேபுகள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடக் நிறுவனத்தின் ‘ஷெர்லி கார்டு’களில் பல பத்தாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்கள்தான் இருந்தார்கள். பல நிறத்தவர் சேர்ந்த கார்டு 1990களில்தான் வந்தது. கறுத்த முகம் படத்தில் “விழாமல்” போனதற்கு அந்த முகத்தில் காரணமே இல்லை.

படி 4: 36 படங்கள்

ஒரு ஃபிலிம் ரோல் அளவு, 36 படங்கள். டைமரை 10 நொடிக்கு வையுங்கள். ஒரு தடவை அழுத்தினால் 3 அல்லது 4 படம் தொடர்ந்து எடுக்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆள் எழுந்து எழுந்து போனால் முகம் ஒருபோதும் இளகாது. நடுவில் எடுத்ததைப் பார்க்கவே கூடாது.

முதல் 12 படங்கள் எதற்கும் உதவாது, ஆனாலும் எடுத்தாக வேண்டும். பாஸ்போர்ட் முகம், கல்யாண வீட்டுச் சிரிப்பு, மற்றவர்களுக்காக வைத்திருக்கும் முகங்கள் எல்லாம் இங்கே தீர்ந்துபோகட்டும்.

அடுத்த 12க்கு மூச்சு. டைமர் ஓடத் தொடங்கியதும் கண்ணை மூடுங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள், தோள் தானாக இறங்கும். கடைசி நொடியில் கண்ணைத் திறந்து லென்ஸைப் பாருங்கள். பற்கள் ஒன்றோடொன்று தொடாமல் இருக்கட்டும், தாடை இறுக்கம் அதோடு போகும். 10 நொடியும் லென்ஸை முறைத்துக்கொண்டிருந்தால் முகம் உறைந்துவிடும் என்பதால்தான் இந்தக் கண்மூடல்.

கடைசி 12தான் கடினமானது. நீங்கள் வழக்கமாக எதை மறைப்பீர்களோ, அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்புங்கள். வெண்புள்ளியோ தழும்போ இரட்டைத் தாடையோ எத்துப்பல்லோ, வழுக்கையோ, எதுவானாலும் சரி. முகம் அதிகம் என்று தோன்றினால் கையிலிருந்து ஆரம்பிக்கலாம், அடுத்த வாரம் கழுத்து, பிறகு முகம். அழுகை வந்தால் துடைத்துக்கொண்டு தொடரலாம், அன்றைக்கு நிறுத்தியும் விடலாம். எண்ணிக்கையை முடிப்பது கட்டாயமில்லை.

படி 5: காத்திருந்து, அச்சிட்டுப் பாருங்கள்

எடுத்த அன்றே பார்த்தால் பாதியை அழித்துவிடுவீர்கள். ஒரு வாரம் தொடாதீர்கள். அதன் பிறகு, கண் மங்கலாக வந்தவற்றை மட்டும் நீக்கி, மூன்றாம் கட்டத்திலிருந்து குறைந்தது இரண்டாவது இருக்கும்படி ஆறு படங்களை ஸ்டுடியோவில் 4×6 அளவில் அச்சிடக் கொடுங்கள். “டச்சிங் வேண்டாம், பிரைட்னஸ் ஏத்த வேண்டாம், அப்படியே போடுங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முகத்தை வெளுப்பாக்குவதைத் தங்கள் கடமையாக நினைத்துச் செய்துவிடுவார்கள். அச்சுப்படம் எதற்கு? திரையில் விரல் உடனே பெரிதாக்கப் போகும், ஒரு பருவை அறையளவுக்கு நிறுத்தும். தாளில் முழு முகத்தையும் ஒன்றாகத்தான் பார்க்க முடியும்.

மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் பாருங்கள். தீர்ப்பு எழுதாமல் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். “கண் சோர்ந்து அசிங்கம்” என்பது தீர்ப்பு. “இடது இமை வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது” என்பது பார்த்தது. முதல் இரண்டு வரி எப்படியும் தீர்ப்பாகத்தான் வரும், அடித்துவிட்டு எழுதுங்கள். அம்மாவின் நெற்றியோ தாத்தாவின் காதோ தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஜன்னலில், அதே தூரத்தில் மறுபடி எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வித்தியாசம் படத்தில் இருப்பதைவிட எழுத்தில்தான் அதிகம் தெரியும்.

என்ன தவறும்

படம் அசைந்து மங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/30 நொடியாக நீண்டிருக்கும். கேமராவில் அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடு இருந்தால் 1/125இல் நிறுத்துங்கள், இல்லையேல் ஜன்னலுக்கு இன்னும் நெருங்குங்கள். நைட் மோடு தானாக இயங்கினால் அணைத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் பளபளத்தால் கண்ணாடியைக் கழற்றாமல், காதின் மேல் அதன் காலைச் சற்று உயர்த்தி வைத்தால் பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும். தோல் சாம்பல் பூத்ததுபோல் வந்தால் ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவிலிருந்து ‘டேலைட்’டுக்கு மாற்றுங்கள்.

போன் கேலரி குடும்பத்தோடு பகிரப்பட்டிருக்கிறதா என்று எடுக்கும் முன்பே பாருங்கள். படங்கள் தானாக இணையச் சேமிப்பில் (கிளவுட்) ஏறும் வசதியை அன்று அணைத்துவையுங்கள். யாரோ பார்த்துவிடுவார்கள் என்ற நினைப்பு இருக்கும்வரை காவலை இறக்க முடியாது.

இது எங்கே நிற்க வேண்டும்

படத்தை இப்படிப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஜோ ஸ்பென்ஸ். கல்யாணப் படங்களும் உருவப்படங்களும் எடுத்துப் பிழைத்தவர். 1982இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபின் தன் உடலையும் சிகிச்சையையும் தானே படமெடுத்தார். பிறகு புகைப்படக் கலைஞர் ரோஸி மார்ட்டினோடு சேர்ந்து, ஒருவர் எடுக்க மற்றவர் உட்கார, மாறி மாறிச் செய்யும் முறையை வளர்த்தார். இன்னொருவர் துணையோடு செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஒரே குறையை ஒரு நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடியில் பார்ப்பவர், முகத்துக்குப் பயந்து வெளியே போவதை நிறுத்தியவர், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். படங்கள் அந்தச் சோதனையை இன்னும் கூட்டிவிடும். மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

இன்னொருவரை எடுப்பதானால்

மேலே சொன்ன ஜன்னல், தூரம், உயரம் எதுவும் மாறாது. முதலிலேயே “எந்தப் படத்தையும் நீங்க சொன்னா அழிச்சிடறேன்” என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். “சிரிங்க” வேண்டாம். “கொஞ்சம் மெலிஞ்சா நல்லாருக்கும்” என்பதுபோல் எதுவும் வாயிலிருந்து வரவே கூடாது. முகவாயைத் திருப்ப வேண்டுமென்றால் தொடாமல் உங்கள் கையைக் காட்டி அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு நின்றுபோனால் அவசரமாக நிரப்பாதீர்கள்; நல்ல படங்களில் பாதி அப்போதுதான் கிடைக்கும். அம்மா, பெரியம்மா வயதுக்காரர்கள் புடவை மாற்றித் தலைவாரி வருகிறேன் என்றால் விடுங்கள். 36இல் முதல் 12 அதற்கென்றே இருக்கிறது.