வால்வு சுருக்கமும் ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்து வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயப் பிரிவுக்குப் புதிதாக வரும் டாக்டர்கள் வருஷா வருஷம் அதே பழைய தவறுகளில்தான் விழுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

எக்கோவில் 'மிதமான சுருக்கம்' என்றிருந்தால் அப்படியே நம்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முன்பே மாரடைப்பு வந்த ஒரு பெரியவர், மூச்சு வாங்குகிறது என்று போயிருக்கிறார். ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்ததும் ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்தபோதும் அதே இரைப்பு, பாதிப் படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாராம். பழைய எக்கோவை வாங்கிப் பார்த்தால் அயோர்டிக் வால்வின் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) பரப்பு 0.8 சதுர செ.மீ., வால்வுக்கு இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 24 மி.மீ. பாதரசம், இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு 30 சதவீதம். அழுத்த வேறுபாடு கடுமையான சுருக்கத்துக்கான 40-ஐத் தொடவில்லை, அதனால் 'மிதமானது' என்று எழுதியாயிற்று. பரப்பு 1-க்குக் கீழே இருக்கிறதே, அது கடுமையான சுருக்கத்தின் அளவாயிற்றே என்று ஒருவரும் கேட்கவில்லை. மோட்டார் தளர்ந்துபோனால் குழாய் எவ்வளவு அடைத்திருந்தாலும் அழுத்தம் எப்படி ஏறும்?

இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் அளவைச் சரிபாருங்கள், ஏனென்றால் வால்வுக்குக் கீழுள்ள பாதையின் விட்டத்தைக் கொஞ்சம் குறைத்து அளந்தாலே பரப்பு சிறிதாகிவிடும். அப்புறம் குறைந்த அளவு டோபுடமின் (இதயத்தை வேகமாகச் சுருங்கவைக்கும் மருந்து) கொடுத்து எக்கோ. ரத்த ஓட்டம் கூடி, அழுத்தம் 40-ஐத் தாண்டியும் பரப்பு விரியாவிட்டால் அது கடுமையான சுருக்கமேதான். ஓட்டமே கூடவில்லையா, சி.டி.யில் வால்வின் கால்சியத்தை அளங்கள்: அகட்ஸ்டன் என்ற கால்சிய அலகில் ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 தாண்டினால் கடுமையானது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நெஞ்சுவலி என்றாலே அடைப்புதான் என்பது

ரத்தக்குழாய் சுத்தமாக இருந்தாலும் அயோர்டிக் சுருக்கத்தில் வலி வரும். ஸ்டெத்தை வைத்துக் கேளுங்கள்.

அறிகுறியுள்ள கடுமையான சுருக்கத்தில் டிரெட்மில் சோதனை

கூடவே கூடாது.

பி.பி. பார்க்காமல் நாக்குக்கடியில் நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை)

பி.பி. சடாரென்று விழுந்துவிடும்.

உலோக வால்வு இருப்பவருக்கு ஸ்டென்ட் வைத்ததும் வார்ஃபரினை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) மாற்றுவது

மாற்றாதீர்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு வார்ஃபரினுக்குப் பதில் டாபிகாட்ரான் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்த, 2013-இல் வெளியான ஆய்வில் ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு இரண்டுமே கூடின. வார்ஃபரினோடு, ஸ்டென்ட்டில் ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் போதும். ஆஸ்பிரினைச் சீக்கிரமே நிறுத்திவிடலாம்.

வால்வு வைத்த பிறகு அடைப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது

தொடை வழியாக வைக்கும் வால்வின் உலோகச் சட்டம் ரத்தக்குழாய் வாய்க்கு முன்னால் நிற்கலாம், பிறகு அந்தக் குழாய்க்குள் கதீட்டரை நுழைப்பது பெரும்பாடு. முக்கியமான இடத்தில் பெரிய அடைப்பு இருந்தால் முன்கூட்டியே குழுவாக உட்கார்ந்து முடிவெடுங்கள்.