சுருட்டைப் பற்ற வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுத் தம்பி சுருட்டை வாயில் வைத்து, நீலத் தீயைப் பீய்ச்சியடிக்கும் ஜெட் லைட்டரை அதன் முனையில் குத்திப் பிடித்து, கன்னம் ஒட்ட இழுத்தார். "பத்திக்கிச்சுண்ணா" என்றார். பற்றவில்லை, கருகியிருந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். தலைகீழாகப் பற்ற வைப்பது மாதிரியான பிழைகள் முதல் நாளே தானாகத் திருந்திவிடும். திருந்தாதவை வேறு.

வாட்டாமல் கொளுத்துவது

ஹவானாவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரே ஒரு ரொபஸ்டோ கொடுத்தார், குட்டையும் தடிமனுமான சுருட்டு வகை அது. கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் தடிமன். நேராகத் தீயில் நீட்டி நாலு இழுப்பு இழுத்தேன். ஒரு பக்கம் மளமளவென்று எரிந்து ஏறியது, மறுபக்கம் சுருட்டைச் சுற்றிய மேலிலை எரியாமல் அப்படியே நின்றது. வாயெல்லாம் கரிக் கசப்பு. பாதிகூடத் தாண்டாமல் தூக்கிப் போட்டேன். இன்றும் நினைத்தால் ஆறவில்லை. எத்தனையோ கை பட்டு, மாதக்கணக்கில் பதமாகி வந்த இலை அது.

வாழையிலையைத் தணலில் எப்படி வாட்டுவோம்? தீ இலையைத் தொடாது, சூடுதான் தொடும். சுருட்டுக்கும் அதே கணக்கு. வாயில் வைக்காதீர்கள். கையில் சற்றுச் சாய்த்துப் பிடித்து, தீயின் நுனிக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டு, மெதுவாக உருட்டுங்கள். முதலில் ஓரம் கருக்கும், பிறகு மெல்லிய புகை கிளம்பும், நடுவிலும் சிவப்பு தெரியும். அரை நிமிடம் ஆகலாம், ஆகட்டும். அப்புறம் வாயில் வைத்து, தீயைத் தள்ளியே பிடித்து, உருட்டிக்கொண்டே இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தால் போதும்.

ஜெட் லைட்டரில் இன்னும் கவனம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீலத் தீயையும் தாண்டிச் சூடு நீளும். வெயிலில் அந்த நீலமே தெரியாது.

பார்க்காமல் இழுக்கத் தொடங்குவது

முனையைத் திருப்பி லேசாக ஊதிப் பாருங்கள். வட்டம் முழுக்கச் சிவக்க வேண்டும். கறுப்பாக நிற்கும் இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை சூடு காட்டுங்கள். இப்போது விட்டால் கடைசிவரை கோணலாகவே எரியும்.

பெட்ரோல் லைட்டர், மெழுகுவர்த்தி

வேண்டாம். அந்த வாடை இலையில் ஏறிவிடும்.

தீக்குச்சி

நல்லதுதான். ஆனால் உரசியவுடன் கொண்டுபோகாதீர்கள். மருந்து எரிந்து முடிந்து, மரம் எரியட்டும். நீளக் குச்சியாக இருந்தால் வசதி. சாதாரணக் குச்சி என்றால் இரண்டு மூன்றை அடுத்தடுத்துக் கொளுத்த வேண்டியிருக்கும்.

தலையை ஆழமாக வெட்டுவது

வாயில் வைக்கும் பக்கம்தான் தலை. அதன் மூடியிருக்கும் நுனியில் 2 மில்லிமீட்டர் போதும். தலை வளைந்து உடலோடு சேரும் தோள்பட்டை வளைவுக்குக் கீழே வெட்டினால் மேலிலை பிரிந்து வரும். இரு முனையும் திறந்தே வரும் நம் ஊர்ச் சுருட்டுக்கு இந்த வேலையே இல்லை.

மின்விசிறி

அணைத்துவிடுங்கள்.

அணைந்ததை அப்படியே பற்ற வைப்பது

சாம்பலை மெதுவாகத் தட்டிவிட்டு, உள்ளே தங்கிய பழைய புகையைச் சுருட்டு வழியாக ஒருமுறை வெளியே ஊதுங்கள். பிறகு மறுபடியும் வாட்டுவதிலிருந்து தொடங்குங்கள். அணைந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் என்றால் சரி. இரவு வைத்ததை மறுநாள் காலை எடுத்தால் பழைய சாம்பல் நாற்றம்தான் வரும்.